காகிதமும் ஒளியும்: இஸாமு நொகுச்சியின் அகாரி சிற்பங்கள்



சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் கல்லும் செம்பும் ஐம்பொன்னும் தோன்றுவது இயல்பு. நூற்றாண்டுகள் பல கடந்தும் அசையாமல் நிற்பது எதுவோ அதுவே சிற்பம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் சிற்பங்களோ காகிதத்தாலும் மூங்கில் சிம்புகளாலும் ஆனவை. கையில் எடுத்தால் கனம் தெரியாதவை. மடித்தால் ஒரு தட்டையான பெட்டிக்குள் அடங்கிவிடுபவை. உள்ளே மின்சார பல்பு எரியும்பொழுது மாத்திரமே தம் பூரண உருவத்தை அடைபவை. ஜப்பானில் கிஃபு என்னும் நகரத்தில் 1951ஆம் ஆண்டில் தொடங்கி இன்றுவரை கையாலேயே செய்யப்பட்டுவரும் இந்தக் காகிதக் கூடுகளுக்கு அகாரி என்று பெயர். இவற்றுக்கு உருவம் தந்தவர் இஸாமு நொகுச்சி என்ற சிற்பி. இருபதாம் நூற்றாண்டின் சிற்பக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

பழைய கைத்தொழில் ஒன்றும் புதிய விஞ்ஞான சாதனம் ஒன்றும் எதிர்ப்படும்பொழுது பின்னது முன்னதை விழுங்கிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ஆயினும் ஒரு தொழிலில் எந்தப் பகுதி வழக்கத்தால் மாத்திரம் நிலைத்திருப்பது, எந்தப் பகுதி அதன் உயிர் என்று பகுத்தறிந்து, முன்னதைத் தயங்காமல் மாற்றிப் பின்னதைத் தொடாமல் விட்டுவைக்கும் ஒருவர் அந்தச் சந்திப்பில் நின்றால், இரண்டும் சேர்ந்து முன்பு இல்லாத ஒரு கலையைப் பிறப்பிக்கும் என்பதற்கு அகாரியைப்போலத் தெளிவான சான்று வேறொன்றை நான் அறியேன். ஆகவேதான் பல பொருள்களைத் தொட்டுச் செல்லாமல் இந்த ஒன்றிலேயே சற்று நிதானமாகத் தங்க விரும்புகிறேன்.

நொகுச்சி 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பிறந்தார். தந்தை யோனே நொகுச்சி ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் கவிதை எழுதிப் பெயர் பெற்றவர். தாய் லியோனி கில்மோர் என்ற அமெரிக்க எழுத்தாளர். அந்தத் தந்தையின் பெயர் இந்தியர்களுக்குப் புதியதன்று. 1935–36இல் இந்தியாவுக்கு வந்து சொற்பொழிவுகள் ஆற்றியவர் அவர். பின்னர் 1938இல், சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த யுத்தத்தை அவர் நியாயப்படுத்தி எழுதியபொழுது, இரவீந்திரநாத் தாகூர் அதை வன்மையாகக் கண்டித்து எழுதிய கடிதங்கள் உலகமறிந்தவை. மகனுடைய வாழ்க்கையில் தந்தைக்கு இடம் மிகக் குறைவாகவே இருந்தது. தாயோடு ஜப்பானில் வளர்ந்த சிறுவன், கடற்கரையூரான சிகஸாகியில் அவர்கள் வீடு கட்டியபொழுது அங்கே வேலை செய்த தச்சரிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டான். பதின்மூன்று வயதில் தனியனாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். 1927இல் உதவித்தொகை பெற்றுப் பாரிஸுக்குச் சென்று, பிரான்குஸி என்ற மகா சிற்பியின் பட்டறையில் உதவியாளராகச் சில மாதங்கள் இருந்தார். அந்த உதவித்தொகைக்காக எழுதிய விண்ணப்பத்தில், கீழ்நாட்டை மேல்நாட்டுக்குக் கவிதையால் விளக்கும் தந்தையின் பணியைத் தாம் சிற்பத்தால் செய்ய விரும்புவதாகக் குறிப்பிட்டிருந்தார். ஜப்பானில் அமெரிக்கன் என்றும் அமெரிக்காவில் ஜப்பானியன் என்றும் எண்ணப்பட்ட ஒருவர் இப்படி எழுதியதில் இருக்கும் துணிவை நாம் மதிக்க வேண்டும்.

ஒளியைச் சிற்பத்தின் மூலப்பொருளாகக் கொள்ளும் எண்ணம் அவருக்குக் கிஃபுவில் தோன்றியதன்று. அதற்கு முன்பே, மிகக் கசப்பான ஓர் அநுபவத்தின் பின்னால் தோன்றியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி பிறப்பித்த ஆணையின்படி, மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசல்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். நொகுச்சி நியூயார்க்கில் வசித்தவர். அந்த ஆணை அவரைக் கட்டுப்படுத்தவில்லை. இருந்தும், அடைபட்டவர்களுக்குப் பூங்காக்களும் விளையாட்டிடங்களும் அமைத்துக் கொடுத்து அவர்கள் வாழ்வைச் சற்றேனும் தாங்கத்தக்கதாகச் செய்யலாம் என்ற நம்பிக்கையுடன், அரிஸோனா பாலைவனத்திலிருந்த போஸ்டன் முகாமுக்குத் தாமாகவே விரும்பிச் சென்றார். அவர் வரைந்த திட்டங்களில் ஒன்றும் நிறைவேறவில்லை. வெளியே வர அநுமதி கிடைப்பதற்கும் மாதங்கள் ஆயின. நியூயார்க்குக்குத் திரும்பிய பின்னர் அவர் செய்யத் தொடங்கிய சிற்பங்களுக்கு 'லூனார்' என்று பெயரிட்டார். மக்னீஸியம் கலந்த ஒருவகைச் சாந்தைக் கொண்டு வளைவும் குழிவுமாக உருவங்களைப் பிசைந்து, அவற்றின் உட்புறத்தில் பல்புகளை மறைத்துவைத்தார். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தை எதிர்பார்த்து நிற்பதே சிற்பத்தின் விதி என்றிருந்த நிலைமை மாறி, தன் வெளிச்சத்தைத் தானே சுமந்துவரும் சிற்பம் அங்கே பிறந்தது. செயிண்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு கம்பெனிக் கட்டடத்தின் நுழைவு மண்டபத்துக்கு இதே முறையில் உட்கூரையை அமைத்தார்.

ஆனால் அந்தச் சாந்து கனமானது, ஒளி ஊடுருவாதது. வெளிச்சம் அதன் இடுக்குகளிலிருந்து கசிந்ததே ஒழிய உடல் முழுவதும் பரவவில்லை. ஒளிக்கு ஏற்ற உடல் அவருக்கு இன்னும் அகப்படவில்லை என்றே இதைப் பார்க்கும்பொழுது எனக்குத் தோன்றுகிறது.

1949இல் அவர் மற்றோர் உதவித்தொகையின் துணையால் உலகப் பிரயாணம் மேற்கொண்டார். இத்தாலி, கிரீஸ், எகிப்து முதலிய நாடுகளைக் கண்டு இந்தியாவுக்கு வந்தவர், ஜெய்ப்பூரிலும் டெல்லியிலும் இருக்கும் ஜந்தர் மந்தர் என்னும் வானநூல் கட்டடங்களைப் பார்த்துப் பரவசமடைந்து புகைப்படங்கள் எடுத்துக் குவித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஜெய்சிங் மன்னர் எழுப்பியவை அவை. ஜெய்ப்பூரிலுள்ள சம்ராட் யந்திரம் ஏறத்தாழ 27 மீட்டர் உயரமான ஒரு கல் முக்கோணம். அதன் நிழல் பக்கத்திலுள்ள வளைவின்மேல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்வதை வெறுங்கண்ணால் காணலாம். மரபறிந்த கொத்தர்களின் கைவேலையும், வானத்தை அளக்கும் கணித விஞ்ஞானமும், சூரிய ஒளியும் ஆகிய மூன்றும் அங்கே ஒரே உருவத்தில் ஒன்றியிருக்கின்றன. பயன் கருதிக் கட்டப்பட்ட ஒரு பொருள் சிற்பமாகவும் இருக்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுவதில்லை. அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்து இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே கிஃபுவில் அவருக்கு வேலை வாய்த்தது.

1951இல் ஹிரோஷிமாவுக்குச் செல்லும் வழியில் அவர் கிஃபு நகரத்தில் தங்கினார். அணுகுண்டால் அழிந்த அந்த ஹிரோஷிமாவில் சாந்திப் பூங்காவை அடுத்த இரண்டு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர்களை அவர் வடிவமைத்தார். இறந்தோருக்கான நினைவுச்சின்னத்துக்கும் திட்டம் தந்தார். அவர் அமெரிக்கர் என்ற காரணத்தால் அது நிராகரிக்கப்பட்டது. அது தனிக் கதை. கிஃபுவைச் சொல்ல வந்தேன். நகரா என்னும் ஆறு அந்த நகரத்தின் ஊடே ஓடுகிறது. மே மாதம் முதல் அக்டோபர் வரை, இரவு நேரத்தில், படகின் முன்புறம் இரும்புக் கூடையில் பைன் விறகை எரியவிட்டு, கழுத்தில் கயிறு கட்டிய நீர்க்காகங்களை ஆற்றில் இறக்கி மீன் பிடிக்கும் வழக்கம் அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் ஏறிவரும் படகுகளில் காகித விளக்குகள் வரிசையாகத் தொங்கும். நொகுச்சி அந்தக் காட்சியைக் கண்டார். விளக்குகள் எங்கே செய்யப்படுகின்றன என்று விசாரித்து அந்தப் பட்டறைகளுக்கும் சென்றார்.

கிஃபு அப்பொழுது காயம் ஆறாத நகரம். 1945 ஜூலை 9ஆம் தேதி இரவில் ஆகாய விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் ஊரில் பெரும் பகுதி சாம்பலாயிற்று. விளக்குத் தொழிலும் க்ஷீண தசையில் இருந்தது. எடோ என்னும் பழைய ஆட்சிக் காலத்திலிருந்து புகழ்பெற்ற கிஃபு விளக்கு, மெல்லிய காகிதத்தில் இலையுதிர்காலப் பூக்களும் புல்லும் தீட்டப்பட்டு, முன்னோரை வரவேற்கும் போன் பண்டிகையில் வீட்டுத் தாழ்வாரத்தில் ஏற்றப்படுவது. மின்சாரம் வந்த பிற்பாடு அது ஆண்டுக்கொரு முறை வெளியே எடுக்கும் அலங்காரப் பொருளாகச் சுருங்கியது; பிழைப்புக்காக மலிவான விளம்பர விளக்குகளைச் செய்து தள்ளும் நிலைக்கும் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். இந்தத் தொழிலுக்குப் புத்துயிர் தர வழி சொல்ல வேண்டும் என்று நகரத் தலைவர் நொகுச்சியைக் கேட்டுக்கொண்டார். 1891இல் நிறுவப்பட்ட ஓஸெகி என்ற விளக்குப் பட்டறையில் அவர் முதல் சில வடிவங்களை வரைந்தார். அன்று தொடங்கிய உறவு 1988இல் அவர் மறையும்வரை அறவில்லை; அகாரியை இன்றும் அந்தப் பட்டறையார்தாம் செய்கிறார்கள்.

இனி அந்தக் கைத்தொழிலைச் சற்று விரிவாகச் சொல்ல அநுமதிக்க வேண்டும். கலையைப் பற்றிய பேச்சுக்களில் கலைஞருடைய எண்ணங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவருடைய பொருளுக்குக் கிடைப்பதில்லை. அகாரியில் பாதி மகிமை பொருளில் இருக்கிறது.

முதலில் காகிதம். கிஃபுவை அடுத்த மினோ என்னும் பிரதேசம் காகிதத்துக்குப் பெயர்போனது. கையால் வார்க்கும் அந்தப் பகுதிக் காகிதத்தை யுனெஸ்கோ 2014இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. முசுக்கொட்டை இனத்தைச் சேர்ந்த கோஸோ என்ற செடியின் உட்பட்டையை உரித்து, நீரில் ஊறவைத்து, காரநீரில் வேகவைத்து, ஓடும் நீரில் வைத்துக்கொண்டு, கறுத்த துணுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கி எடுக்கிறார்கள். பிறகு அதை அடித்து நார் நாராகப் பிரித்துத் தொட்டி நீரில் கலக்கிறார்கள். அந்த நீரில் வேறொரு வேரின் கொழகொழப்பான சாற்றையும் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் நார்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் தங்கிவிடும். அந்த வேருக்குரிய செடி நம் வீட்டுக் கொல்லையில் விளையும் வெண்டைக்கு நெருங்கிய உறவு. வெண்டைக்காயை அரியும்பொழுது விரலில் ஒட்டும் அந்த வழவழப்பேதான் ஜப்பானியருடைய காகிதத்தில் நார்களை மிதக்கவைக்கிறது என்று அறிந்தபொழுது எனக்கு உண்டான மகிழ்ச்சியைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அந்த நீரை மூங்கில் சல்லடையில் அள்ளி, முன்னும் பின்னும் மாத்திரமன்றி இடமும் வலமும் அசைத்து வடிக்கிறார்கள். நாலா பக்கமும் அசைப்பதால் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கின்றன. கோஸோவின் நார் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது. மரக்கூழ்க் காகிதத்தின் நாரைவிடப் பல மடங்கு நீண்டது. அதனால் காகிதம் எவ்வளவு மெல்லியதாயினும் எளிதில் கிழிவதில்லை. ஒளி அதில் நுழையும்பொழுது நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள காற்று வெளிகளில் பட்டுப் பட்டுத் திசை மாறிச் சிதறுகிறது. பல்பின் உறுத்தும் புள்ளி மறைந்து, காகிதப் பரப்பு முழுவதுமே ஒளிரும் பொருளாக மாறுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது அச்சு. விளக்கின் உருவத்தை நெடுக்காக வெட்டினால் கிடைக்கும் பிறை வடிவில் பல மரப் பலகைகளை அறுத்து, மேலும் கீழும் வட்டத் தகடுகளில் அவற்றைச் சுற்றிலும் செருகி நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு பலகையின் வெளி விளிம்பிலும் சிறு சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். நூலைப்போல் மெல்லியதாகச் சீவிய மூங்கில் சிம்பை அந்தப் பள்ளங்களில் பதித்து, மேலிருந்து கீழ்வரை ஒரே சுருளாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அதன்மேல் பசை தடவி, பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள வெளியின் அளவுக்கு வெட்டிய காகிதப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, ஓரத்தில் எஞ்சும் காகிதத்தைச் சவரக் கத்தியால் நறுக்கிவிடுகிறார்கள். பட்டையும் பட்டையும் மேற்படியும் இடம் சற்று அகன்றாலும், விளக்கை ஏற்றியபின் அங்கே கறுத்த கோடு தெரியும். ஆகவே பகலில் செய்யும் பிழையை இரவில் விளக்கே காட்டிக்கொடுத்துவிடும். பசை உலர்ந்த பின்னர், மேல்வாயின் வழியாகக் கையை விட்டு அச்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே எடுக்கிறார்கள். உள்ளே எதுவும் இல்லாமல் காகிதமும் சிம்பும் தாமே உருவத்தைத் தாங்கி நிற்கின்றன. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த வெற்றிடத்தில் ஐம்பொன்னை வார்ப்பது போன்ற நுட்பந்தான் இதுவும். அங்கே வெற்றிடத்தில் உலோகம் குடிபுகுகிறது, இங்கே ஒளி.

இவ்வளவும் நொகுச்சி வருவதற்கு முன்பே இருந்தவை. அவர் செய்தது என்ன? நெருப்பை எடுத்துவிட்டுப் பல்பை வைத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு மாறுதல் எத்தனை மாறுதல்களுக்கு வாசலைத் திறந்தது என்பதுதான் விசேஷம். மெழுகுவர்த்தி நிமிர்ந்தே நிற்க வேண்டும். அதன் சூடும் புகையும் வெளியேற மேலே வாய் திறந்திருக்க வேண்டும். சுடர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காகிதம் பற்றாதபடி நாற்புறமும் இடைவெளி வேண்டும். ஆகவே பழைய விளக்குகள் உருண்டையாகவோ நீள் உருளையாகவோ, நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்தவையாகவே இருந்தன. அந்த வடிவத்தை அழகுணர்ச்சி தேர்ந்தெடுத்தது என்று நாம் நினைக்கிறோம். சுடரே அதைக் கட்டளையிட்டது. சுடர் போனதும் கட்டளையும் போயிற்று. உருவம் சாயலாம், முறுகலாம், ஒருபுறம் வீங்கி மறுபுறம் ஒடுங்கலாம், தரையில் நெடுமரம்போல் ஆளுயரத்துக்கு எழலாம், கூரையிலிருந்து தட்டையாகப் பரவித் தொங்கலாம். சிற்பிக்கு வேண்டிய சுதந்திரம் அத்தனையும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழால் வாய்த்தது.

அத்துடன் காகிதத்தின்மேல் தீட்டிவந்த பூக்களை அவர் நீக்கினார். இதற்காக வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள். கிஃபுவின் பூ விளக்குகளைக் கண்டவர்கள் அந்த வருத்தத்தை உணர முடியும். ஆயினும் படம் இருக்கும் இடத்தில் கண் படத்தைப் பார்க்கிறது, ஒளியைப் பார்ப்பதில்லை. ஒளியையே பொருளாகக் கொண்டவர் படத்தை வைத்திருக்க முடியாது. மூங்கிற் சுருளின் இடைவெளியைச் சில வடிவங்களில் அவர் வேண்டுமென்றே ஒழுங்கற்றதாக ஆக்கினார். அப்பொழுது சிம்பின் கோடுகள் சித்திரக்காரன் கையால் இழுத்த கோடுகளைப்போல் உயிர்கொண்டு ஓடுகின்றன. பழைய விளக்குக்கு மேலும் கீழும் இருந்த மர வளையங்களை ஒதுக்கி, காகிதக் கூட்டை உள்ளிருந்து விரித்துப்பிடிக்கும் மெல்லிய கம்பிச் சட்டத்தை அமைத்தார். கோஸோக் காகிதத்தையும், மூங்கிலையும், பசையையும், மர அச்சையும், மடிந்து விரியும் குணத்தையும், யாவற்றுக்கும் மேலாகக் கையையும் அவர் மாற்றவில்லை. மாற்றியவற்றைவிட மாற்றாமல் விட்டவற்றைத் தேர்ந்ததில்தான் அவருடைய மேதை விளங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானிய நாவலாசிரியர் தனிஸாகி 1933இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், மின்விளக்கின் வெறிச்சிட்ட வெளிச்சத்தால் ஜப்பானிய வீட்டின் நிழல்கள் துரத்தப்பட்டுவிட்டன என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்தத் துயரம் உண்மையானது. சுடர் திரும்பி வராது என்று அறிந்தும், நிழலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வது? பல்பைப் பகைத்துக்கொண்டு பயனில்லை. பல்புக்குப் பொருத்தமான உடை ஒன்றை உண்டாக்க வேண்டும். ஜப்பானிய வீட்டின் காகிதக் கதவுகள் பகல் வெளிச்சத்துக்குச் செய்துவந்த உபகாரத்தை இரவு வெளிச்சத்துக்குச் செய்யும்படி நொகுச்சி அதே காகிதத்தை ஏவினார். அந்தக் கட்டுரையை மனத்தில் வைத்து அவர் செய்தாரோ என்னவோ, அதற்குத் தக்க பதிலை அவர் கைகள் அளித்துவிட்டன.

இவற்றைச் சிற்பம் என்று ஒப்புக்கொள்ள உலகம் எளிதில் சம்மதிக்கவில்லை. காரணங்கள் பல: இவை கடைகளில் விற்கப்பட்டன, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டன, ஒரே வடிவம் எத்தனை வேண்டுமானாலும் செய்யப்பட்டது, கிழிந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கலை என்பது ஒன்றே ஒன்றாக, விலைமதிப்பற்றதாக, அழியாததாக இருக்க வேண்டும் என்று கருதிய விமர்சகர்களுக்கு இவை வீட்டுச் சாமான்களாகவே தோன்றின. நொகுச்சி தம் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை வரைந்தார். 1986இல், தம் எண்பத்தொன்றாம் வயதில், வெனிஸ் நகரத்தின் சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் பிரதிநிதியாக அவர் அழைக்கப்பட்டார். வாழ்நாளெல்லாம் செதுக்கிய கருங்கல்லையும் சலவைக் கல்லையும் கொண்டே அந்த மண்டபத்தை நிரப்பியிருக்கலாம். அவரோ, சிற்பம் என்றால் என்ன என்ற கேள்வியையே கண்காட்சிக்குத் தலைப்பாக வைத்து, வெண்சலவைக் கல்லில் குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாடக்கூடிய ஒரு பெரிய சுருள் வடிவத்தை வெளியில் நிறுத்தி, மண்டபத்தின் உள்ளே அகாரிகளைத் தொங்கவிட்டார். கல்லுக்கும் காகிதத்துக்கும் ஒரே ஸ்தானம் என்று உலகத்தின் உயர்ந்த கலைச் சபையில், வாழ்வின் அந்திப்பொழுதில், தம் கீர்த்தி முழுவதையும் பணயம் வைத்து அவர் சொன்னார். அந்த ஆண்டின் பரிசுகள் பிறருக்குச் சென்றன.

விலையைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு வேதனையும் உண்டு. அகாரி புகழ் பெற்றதும் அதைப் பார்த்து உருண்டைக் காகித விளக்குகள் உலகமெங்கும் பெருகின. மூங்கிலுக்குப் பதில் இரும்புக் கம்பி, கோஸோக் காகிதத்துக்குப் பதில் இயந்திரக் காகிதம். மாணவர் விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் அவை தொங்காத நாடு இல்லை. போலிகளை வழக்காடி வெல்வது அரிது. புதிய புதிய வடிவங்களைப் படைத்து அவற்றுக்கு எட்டாத தூரத்தில் முன்சென்றுகொண்டேயிருந்தார் நொகுச்சி. உண்மையான அகாரியில் சூரியனும் பிறைச்சந்திரனும் சேர்ந்த சிவப்பு முத்திரை பதிந்திருக்கும். முத்திரையைத் தேடாமலே அறிவதற்கும் வழி உண்டு: விளக்கை ஏற்றிவைத்துச் சுருளை உற்றுப் பாருங்கள். கம்பியின் கோடு ஆதிமுதல் அந்தம்வரை ஒரே தடிமனாய் இருக்கும். மூங்கிலின் கோடு ஓரிடத்தில் சற்றுப் பருத்து, ஓரிடத்தில் சற்று மெலிந்து ஓடும்.

இந்தக் கதையில் என் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அகாரிக்கு நொகுச்சியின் பெயர் இருக்கிறது. அச்சை அறுத்த தச்சருக்கும், சிம்பைச் சீவியவருக்கும், ஆண்டுக்கணக்காகப் பட்டைகளை ஒட்டிவரும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அந்த முத்திரையில் பெயர் இல்லை. முறுகிய ஓர் உருவத்தைத் தாளில் வரைவது எளிது. அந்த உருவத்துக்குரிய அச்சை, காகிதம் கிழியாமல், குறுகிய ஒரு வாயின் வழியாகத் துண்டு துண்டாக வெளியே எடுக்கத்தக்கதாக வகுப்பது எவ்வளவு பெரிய புத்தி வேலை என்று எண்ணிப்பாருங்கள்! செய்தவரின் பெயர் மறைந்துபோகும் விஷயத்தில் நம் நாட்டுக் கோயில் சிற்பங்களின் நிலையும் வேறன்று. நியூயார்க்கில் 1985இல் நொகுச்சி தாமே தொடங்கிய அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அவருடைய பெயரைப் படித்துத் திரும்புகிறார்கள். படைப்பாளியின் பெயரோடு பட்டறையாரின் பெயர்களும் எழுதப்பட வேண்டும் என்று நான் விண்ணப்பித்துக்கொள்கிறேன். அதனால் அவருடைய கீர்த்திக்கு யாதொரு குறைவும் நேராது.

செய்தவரின் பெயர் மறைந்துபோகாத வழக்கமும் ஜப்பானிலேயே உண்டு. வடக்கிலுள்ள ஆவோமோரி நகரத்தில் ஆகஸ்ட் 2 முதல் 7 வரை நடக்கும் நெபுதா விழாவில், போர்வீரர்களும் பூதங்களுமாகக் காகிதத்தால் சமைத்த பிரமாண்டமான உருவங்கள் இரவில் உள்ளொளியோடு தெருவில் இழுத்துச் செல்லப்படுகின்றன. ஒவ்வொன்றும் 9 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், ஏறத்தாழ நான்கு டன் எடை வரை இருக்கும். ஒரு காலத்தில் மூங்கிற் சட்டமும் மெழுகுவர்த்தியும். இன்று கம்பிச் சட்டமும் மின்விளக்குகளும். ஆனால் காகிதத்தை ஒட்டுவதும், மையால் கோடிடுவதும், உருகிய மெழுகைத் தடவுவதும், வண்ணம் தீட்டுவதும் கைதான். அங்கே மூங்கிற் சட்டத்தையே மாற்றினார்கள்; கிஃபுவில் மூங்கிற் சுருளை மாற்றவில்லை. நெபுதாவைச் செய்யும் ஆசாரியர்களின் பெயர்களை ஊரார் அறிவார்கள். யார் செய்தது எந்த உருவம் என்று தெருவில் நிற்கும் சிறுவனும் சொல்வான். விழா முடிந்ததும் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டுவிடும். அடுத்த ஆண்டுக்குப் புதிதாகச் செய்வார்கள்.

இப்பொழுது எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. இழை பல்பு தன் மின்சாரத்தில் பெரும் பகுதியைச் சூடாகவே வீணாக்கும். அந்தச் சூட்டில் காகிதம் ஆண்டுக்காண்டு பழுத்துப் பொடியாகும். எல்.இ.டி.யின் சூடு குறைவு. ஆகவே காகிதத்துக்கு ஆயுள் கூடும். ஆனால் அது ஒரு முகமாக ஒளியை எறியும் இயல்புடையது. நாலா திசையிலும் பரவாவிட்டால் உருவத்தின் ஒரு பகுதி வெளிறி, மறுபகுதி இருண்டுவிடும். ஒளியின் நிறமும் நீலம் பாய்ந்திருந்தால் கோஸோவின் இளமஞ்சள் செத்துப்போகும். சுடருக்குப் பின் பல்பு வந்தபொழுது எழுந்த கேள்வியேதான் இன்று மறுபடியும் எழுந்திருக்கிறது. காகிதக் கூட்டுக்குள் ஒளி சமமாகப் பரவும்படியும் நிறம் சூடாக இருக்கும்படியும் அமைந்த பல்புகள் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும். மின்பொறியியல் பயிலும் மாணவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். காகிதத்துக்கென்றே ஓர் ஒளிமூலத்தை வகுப்பது உங்கள் ஆராய்ச்சிக்குத் தக்க விஷயம். அதற்குமுன் ஒரு முறையேனும் மூங்கிலைச் சீவிப் பசை தடவிக் காகிதத்தை ஒட்டிப் பாருங்கள். அளவுகள் எங்கே தவறும் என்பதை உங்கள் விரல்கள் உங்களுக்குச் சொல்லும்.